கர்ப்பிணிச் சகோதரியும் ப்ளூ ஊசியும் – ஒரு வேதபாடம்

வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: உபாகமம் 22:8, நியாயாதிபதிகள் 13:2-14, யாத்திராகமம் 2:1-10, எபிரெயர் 11:23, 2 நாளாகமம் 16:12, ஏசாயா 38:1-5, 21, அப்போஸ்தலர் 27:21-36, ரோமர் 14:1-13.



போன மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆறு மாதக் கர்ப்பிணியான ஒரு சகோதரி என்னிடம் வந்தார்கள். "பாஸ்டர், டாக்டரம்மா ப்ளூ ஊசி போட்டுக்கம்மான்னு சொல்றாங்க. எங்க வூட்டுக்காரரு போட்டுக்கோன்றாரு. அத்தை வேணான்றாங்க. நான் என்னா பண்றது?" என்றார்கள். பக்கத்தில் இருந்த மாமியாரம்மா உடனே, "நாங்க அஞ்சு பெத்தோம் பாஸ்டர், எந்த ப்ளூ ஊசி போட்டோம்? கர்த்தர் காப்பாத்தலையா? இப்ப மட்டும் கர்த்தருடைய கை குறுகிப்போச்சா?" என்று கேட்டார்கள்.

அந்த அம்மாவுடைய கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் விசுவாசத்தில் பழுத்தவர்கள். தறிப் பள்ளத்தில் உட்கார்ந்து நெய்துகொண்டே ஜெபித்து, பிள்ளைகளை ஆளாக்கினவர்கள். மருமகளுடைய கேள்வியும் லேசானதல்ல. ஒரு வயிற்றில் இரண்டு ஜீவன் இருக்கிறது. ஆகவே இந்த மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நான் டாக்டர் அல்ல. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த ஊழியக்காரன். ஊசியைப் பற்றி நிச்சயமாய்த் தெரிந்ததை முதலில் எழுதுகிறேன். பிறகு வேதத்தைத் திறப்போம்.

1. இந்தக் காய்ச்சல் என்ன செய்யும்?

ப்ளூ என்கிற இன்ஃப்ளூயன்சாவும் சாதாரண ஜலதோஷமும் ஒன்றல்ல. ஜலதோஷம் மூக்கோடு போய்விடும். ப்ளூ திடீரென்று வரும். கடுமையான காய்ச்சல், உடம்பு அடித்துப் போட்டது போல வலி, வறட்டு இருமல் என்று ஆளைப் படுக்கவைத்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். சிலருக்கு நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகிவிடும். அந்தச் "சிலர்" யார் என்று பார்த்தால் வயதானவர்கள், கைக்குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள், இவர்களோடு கர்ப்பிணிகள்.

கர்ப்பிணிக்கு ஏன் ஆபத்து அதிகம்? குழந்தை வளர வளர கர்ப்பப்பை மேலே ஏறி, நுரையீரல் விரிய இடம் குறைகிறது. இருதயம் இரண்டு பேருக்காக வேலை செய்கிறது. குழந்தையை அந்நியமென்று தள்ளாதபடி தாயின் எதிர்ப்புச் சக்தியும் மாறியிருக்கிறது. இந்த நிலையில் நிமோனியா வந்தால் மூச்சுக்குப் போராட வேண்டியிருக்கும். கடுமையான காய்ச்சலால் குறைமாதப் பிரசவமும் நேரிடலாம்.

இது நம்முடைய தேசம் அறியாத காரியமல்ல. 1918-ல் வந்த அந்த விஷக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். அந்தக் கொள்ளைநோயில் அகப்பட்ட 1,350 கர்ப்பிணிகளின் விவரத்தை ஒரு அமெரிக்க மருத்துவர் சேகரித்து 1919-ல் வெளியிட்டார். அவர்களில் நூற்றுக்கு 27 பேர் உயிரோடு எழுந்திருக்கவில்லை. 1957 மே மாதத்தில் ஆசிய ப்ளூ சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஏறி, நம்முடைய சென்னைத் துறைமுகத்தில்தான் இறங்கியது. மூன்று மாதத்துக்குள் தேசம் முழுவதும் பரவியது. 2009-ல் வந்த பன்றிக் காய்ச்சல் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவில் அந்த வருஷக் கணக்கைப் பார்த்தபோது, ஜனத்தொகையில் கர்ப்பிணிகள் நூற்றுக்கு ஒருவர்தான். ஆனால் அந்தக் காய்ச்சலில் மரித்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கர்ப்பிணிகள். அந்தப் பன்றிக் காய்ச்சல் கிருமி எங்கும் போய்விடவில்லை. வருஷா வருஷம் சுற்றிவரும் ப்ளூ கிருமிகளில் ஒன்றாய் இன்றும் இருக்கிறது.

நம் பக்கத்தில் இது எப்போது அதிகம்? காஷ்மீரில் குளிர்காலத்தில் வரும். வட இந்தியாவின் பல ஊர்களில் ஜூலை, ஆகஸ்டு மழையில் வரும். சென்னை, வேலூர் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையோடு, ஐப்பசி கார்த்திகையில் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். பொதட்டூர்பேட்டை அந்த இரண்டுக்கும் நடுவில்தானே இருக்கிறது! அடைத்த தறிவீட்டில் பத்து பேர் பஞ்சுத் தூசியில் வேலை செய்யும்போது ஒருவர் இருமினால் பத்து பேருக்கும் வரும். நகரிக்கும் திருத்தணிக்கும் போகிற நெரிசலான பஸ்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2. அந்த ஊசியில் என்ன இருக்கிறது?

கர்ப்பிணிக்குப் போடுகிற ப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. செத்த கிருமியின் துண்டுகள்தான் இருக்கின்றன. ஆகவே அந்த ஊசியால் ப்ளூ வராது. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து மூக்கில் தெளிக்கிற இன்னொரு வகை உண்டு. அது கர்ப்பிணிக்கு ஆகாது. அதுபோல அம்மை, ரூபெல்லா ஊசியும் சின்னம்மை ஊசியும் கர்ப்ப காலத்தில் போடமாட்டார்கள். எல்லா ஊசியும் ஒன்றல்ல என்று இதனால் அறிந்துகொள்ளுங்கள்.

ஊசி போட்டு இரண்டு வாரத்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. இந்தக் கிருமி வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தரம் கூடி, எந்தக் கிருமிகளுக்கு ஊசி செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிறது. போன வருஷம் போட்ட ஊசி இந்த வருஷத்துக்குப் போதாது என்பது இதனால்தான்.

ஊசி போட்டால் ப்ளூவே வராதா? அப்படிச் சொல்ல முடியாது. கிருமியும் ஊசியும் நன்றாய்ப் பொருந்துகிற வருஷத்தில் பாதிக்குப் பாதி அளவில் தடுக்கும். பொருந்தாத வருஷத்தில் இன்னும் குறையும். ஆனால் தாய்க்குப் போட்ட ஊசியின் பலன் தாயோடு நிற்பதில்லை. தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாய்க் குழந்தைக்குப் போகிறது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ப்ளூ ஊசி போடவே முடியாது. அந்த ஆறு மாதத்துக்கும் குழந்தைக்குக் கிடைக்கிற பாதுகாப்பு, தாயின் வயிற்றில் இருக்கும்போது வாங்கிக்கொண்டதுதான். பக்கத்துத் தேசமாகிய பங்களாதேஷின் டாக்கா பட்டணத்தில் 340 தாய்மார்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2008-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தில் ப்ளூ ஊசி போட்டுக்கொண்ட தாய்மாருடைய குழந்தைகளுக்கு, முதல் ஆறு மாதத்தில் ப்ளூ வருவது நூற்றுக்கு 63 பங்கு குறைந்திருந்தது. பிறகு நேபாளத்தில் மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வில் இவ்வளவு பெரிய பலன் வரவில்லை, குழந்தைகளுக்கு 30 பங்குதான் குறைந்தது; ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடை சராசரியாக 42 கிராம் கூடியிருந்தது.

"கரு கலைஞ்சிடும்னு சொல்றாங்களே பாஸ்டர்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தப் பயத்தை ஒளித்து வைக்க வேண்டாம். 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு அப்படி ஒரு சந்தேகத்தை எழுப்பியது உண்மைதான். அதே ஆய்வாளர்கள் மேலும் மூன்று பருவங்களை எடுத்து, அதிகமான பேரை வைத்து மறுபடியும் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். அந்தத் தொடர்பு காணப்படவில்லை. பல வருஷமாய் லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊசி போட்ட இடத்தில் வலி, ஒன்றிரண்டு நாள் உடம்பு வலி, லேசான காய்ச்சல் ஆகியவை வரலாம். கடுமையான அலர்ஜி மிக மிக அபூர்வம். அதற்காகத்தான் ஊசி போட்ட பின் சிறிது நேரம் உட்காரச் சொல்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2012-ல் ப்ளூ ஊசிக்குக் கர்ப்பிணிகளை முதல் வரிசையில் வைத்தது. நம் தேசத்து மகப்பேறு மருத்துவர்களின் சங்கமும் இதைச் சிபாரிசு செய்கிறது. பொதுவாக 26 வாரத்துக்கு மேல் போடச் சொல்கிறார்கள். ஆனால் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு எல்லா இடத்திலும் இலவசமாய்க் கிடைப்பது ரணஜன்னி ஊசிதான். ப்ளூ ஊசியை நம்மில் பெரும்பாலோர் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது.

3. ரணஜன்னி ஊசி கற்பிக்கும் பாடம்

நம் மாமியாரம்மா "எந்த ப்ளூ ஊசி போட்டோம்?" என்றார்கள் அல்லவா? அவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா, உங்க கடைசிப் பிள்ளைக்கு நர்ஸம்மா வந்து கையில ஊசி போட்டாங்களா?" "ஆமா, அது எல்லாருக்கும் போடறதுதானே" என்றார்கள். அதுதான் ரணஜன்னி ஊசி!

ஒரு காலத்தில் துருப்பிடித்த பிளேடிலும் அரிவாளிலும் தொப்புள்கொடியை அறுத்தார்கள். சில நாளில் குழந்தையின் வாய் பூட்டிக்கொள்ளும். பால் இறங்காது. உடம்பு வில்லாய் வளைந்து ஜன்னி கண்டு செத்துவிடும். 1980-களின் கடைசியில்கூட நம் தேசத்தில் வருஷத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் இப்படி மாண்டார்கள். தாய்க்கு ஊசி போட்டதினாலும், சுத்தமான பிரசவத்தினாலும் அது படிப்படியாய்க் குறைந்தது. 2015-ல் இந்தியாவில் தாய்க்கும் சேய்க்கும் வருகிற ரணஜன்னி ஒழிக்கப்பட்டது என்று உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. 2019-லிருந்து அந்த ஊசியோடு தொண்டை அடைப்பான் தடுப்பும் சேர்த்துப் போடுகிறார்கள்.

பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். தாயின் கையில் போட்ட ஊசி குழந்தையைக் காத்தது. நம் சபையின் தாய்மார் அதை எடுத்துக்கொண்டபோது விசுவாசத்தில் குறைந்துபோகவில்லை. ப்ளூ ஊசியும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. அதை எடுத்துக்கொள்வதா என்று ஆராயலாம். ஆனால் அது விசுவாசத்துக்கு விரோதமான புதுக் காரியம் என்று சொல்ல முடியாது.

4. வேதம் என்ன சொல்லுகிறது?

அ) கைப்பிடிச்சுவர் (உபாகமம் 22:8). புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது விழுந்து அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று கர்த்தர் கட்டளையிட்டார். அந்த நேரத்தில் மாடியிலிருந்து யாரும் விழவில்லை! விழுவதற்கு முன்னே சுவர் கட்டச் சொன்னார். தேவன் விழுந்தவனைத் தூக்குகிறவர் மாத்திரமல்ல, விழாதபடிக்கு முன்கூட்டியே யோசிக்கிறவர். கைப்பிடிச்சுவர் கட்டின இஸ்ரவேலனை ஒருவரும் அவிசுவாசி என்று அழைக்கவில்லை.

ஆ) மனோவாவின் மனைவி (நியாயாதிபதிகள் 13). மலடியாயிருந்த அந்த ஸ்திரீக்குக் கர்த்தருடைய தூதனானவர் தரிசனமாகி, சிம்சோன் பிறப்பான் என்றார். அற்புதமான வாக்குத்தத்தம்! ஆனால் வாக்குத்தத்தத்தோடு நிறுத்தவில்லை. எதைக் குடிக்கக்கூடாது, எதைச் சாப்பிடக்கூடாது என்று கர்ப்பவதி காத்துக்கொள்ள வேண்டியதையும் சொன்னார். தேவன் கொடுத்த பிள்ளைதான். ஆனாலும் தாய் தன் சரீரத்தைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிருந்தது. புருஷனையும் பாருங்கள். மனோவா "அது பொம்பளைங்க விஷயம்" என்று திண்ணையில் உட்காரவில்லை. எங்களுக்கு மறுபடியும் போதியும் என்று ஜெபம் பண்ணினான். அப்பாமார்களே, இது உங்களுக்கு!

இ) நாணற்பெட்டி (யாத்திராகமம் 2, எபிரெயர் 11:23). மோசேயின் தாய் விசுவாசமுள்ளவள் என்று எபிரெயர் நிருபம் சாட்சி கொடுக்கிறது. அந்த விசுவாசமுள்ளவள் என்ன செய்தாள்? பிள்ளையை அப்படியே ஆற்றில் விடவில்லை. நாணலில் பெட்டி செய்து, தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசினாள். அக்காளைத் தூரத்தில் காவல் நிறுத்தினாள். விசுவாசம் பெட்டி செய்தது, விசுவாசம் கீல் பூசியது, அதற்குமேல் கர்த்தர் பார்வோனுடைய குமாரத்தியின் இருதயத்தைத் திருப்பினார். நாம் செய்யக்கூடியதை நாம் செய்ய வேண்டும். அவர் மாத்திரம் செய்யக்கூடியதை அவர் செய்வார். அல்லேலூயா!

ஈ) பவுலின் கப்பல் (அப்போஸ்தலர் 27). ஒரு பிராணச்சேதமும் வராது என்று தூதன் மூலமாய் வாக்குப் பெற்ற அதே பவுல், கப்பலாட்கள் தப்பி ஓடப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொன்னான். பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடவும் சொன்னான். வாக்குத்தத்தம் இருந்ததினால் மாலுமி வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

உ) ஆசாவும் எசேக்கியாவும். வைத்தியரிடம் போனதற்கு விரோதமாய் 2 நாளாகமம் 16:12-ஐக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்த வசனத்தை நிதானமாய் வாசியுங்கள். ஆசாவின் குற்றம் வைத்தியரைத் தேடினது அல்ல, கர்த்தரைத் தேடாமல் வைத்தியரை மாத்திரம் தேடினது. எசேக்கியாவோ சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தான். கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகும் அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் வைக்கும்படி ஏசாயா சொன்னான். ஜெபமும் உண்டு, பற்றும் உண்டு. ஊசி போட்டுவிட்டு ஜெபத்தை விட்டுவிடுகிறவன் ஆசாவின் வழியில் போகிறான். ஜெபித்துவிட்டு ஊசிக்குக் கை நீட்டுகிறவள் எசேக்கியாவின் வழியில் போகிறாள்.

5. வேலூருக்கு வந்த ஒரு அழைப்பு

நம் ஊரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் உண்டா? அந்த ஆஸ்பத்திரி தொடங்கின கதையில் இந்தப் பாடம் இருக்கிறது. 1890-களில் திண்டிவனத்தில் மிஷனெரியாயிருந்த டாக்டர் ஸ்கடரின் மகள் ஐடா. ஒரே இராத்திரியில் மூன்று வீட்டுப் புருஷர்கள் ஒருவர் பின் ஒருவராய் வந்து, பிரசவ வேதனையில் இருக்கிற தங்கள் மனைவிக்கு உதவும்படி அந்தப் பெண்ணைக் கேட்டார்கள். அவர் டாக்டர் அல்ல. தகப்பனை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்க்கக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்தார்கள். அந்த இராத்திரியில் ஐடா தேவனோடு போராடினார். அதன் பிறகு அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூருக்கு வந்தார். 1902-ல் பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழும்பியது. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

அந்த மூன்று தாய்மாரும் மருத்துவத்தின் கை வீட்டுக்குள் வர அனுமதி இல்லாததினாலே மரித்தார்கள். வாசலில் தடுத்தது வழக்கம். ஐடாவின் ஜெபத்துக்குத் தேவன் கொடுத்த பதிலோ மருத்துவப் படிப்பு. நம் வீட்டு வாசலில் அந்தப் பழைய வழக்கம் விசுவாசத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறதா என்று ஒவ்வொரு வீட்டாரும் ஆராய்ந்து பார்க்கக்கடவோம்.

6. எப்படித் தீர்மானிப்பது?

முதலாவது, புருஷனும் மனைவியும் சேர்ந்து ஜெபியுங்கள். பயத்தினாலும் அல்ல, பக்கத்து வீட்டுப் பேச்சினாலும் அல்ல, சமாதானத்தோடு தீர்மானியுங்கள்.

இரண்டாவது, தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கிராம சுகாதாரச் செவிலியரையும் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கென்று விசேஷ பரிசோதனை உண்டு. இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: எனக்கு இப்போது எத்தனை வாரம்? ரணஜன்னி ஊசி முடிந்ததா? ப்ளூ ஊசி இந்த வருஷத்து ஊசிதானா? மூக்கில் தெளிப்பது அல்ல, ஊசிதானே? முன்னே ஏதாவது ஊசிக்கு உடம்பு வீங்கி மூச்சுத் திணறல் வந்திருந்தாலும், கை கால் செயலிழக்கிற கில்லன் பாரே நோய் வந்திருந்தாலும், இப்போது கடுமையான காய்ச்சல் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, காலம் பாருங்கள். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் வேண்டும். மழை தொடங்கி ஊரெல்லாம் இருமும்போது ஓடுவதைவிட, மழைக்கு முன்னே போட்டுக்கொள்வது நல்லது. பிந்திவிட்டால் பிரயோஜனமே இல்லை என்று விட்டுவிடவும் வேண்டாம்.

நான்காவது, பணம். தனியார் கிளினிக்கில் கேட்கிற தொகை தறி வேலை செய்கிற குடும்பத்துக்கு ஒன்றிரண்டு நாள் கூலியில் அடங்காது. உங்களால் முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். என்னிடம் இரகசியமாய்ச் சொல்லுங்கள். பண்டிகைக்கு மேடை அலங்காரம் செய்கிற சபைக்கு, ஒரு தாய்க்கு ஊசி வாங்கிக்கொடுக்கவும் கடமை உண்டு.

ஐந்தாவது, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். ப்ளூவுக்கு மாத்திரை உண்டு. முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாய்ப் பலன் கொடுக்கும். மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, குழந்தையின் அசைவு குறைதல், மயக்கம், உதடு நீலமாகுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அந்த நிமிஷமே 108-ஐ அழையுங்கள். எனக்கு ஆம்புலன்ஸில் ஏறின பிறகு போன் செய்தால் போதும். நான் வழியிலேயே ஜெபிப்பேன். "பாஸ்டர் வந்து கை வைக்கட்டும்" என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

7. சபையின் கடமை

என்னுடைய ஆலோசனை என்ன என்று அந்தச் சகோதரி கேட்டார்கள். மறைக்காமல் சொன்னேன்: டாக்டர் உங்களைப் பரிசோதித்துச் சொல்லியிருக்கும்போது, ஜெபித்துப் போட்டுக்கொள்வது நல்லது என்றே நான் நினைக்கிறேன். என் வீட்டு மகளாயிருந்தாலும் இதையே சொல்வேன். ஆனால் ரோமர் 14-ஐ மறவாதிருங்கள். போட்டுக்கொள்கிறவள் போட்டுக்கொள்ளாதவளை அற்பமாய் எண்ண வேண்டாம். போட்டுக்கொள்ளாதவள் போட்டுக்கொள்கிறவளை விசுவாசமில்லாதவள் என்று தீர்க்கவும் வேண்டாம். கர்ப்பிணியைப் பயமுறுத்துகிற தீர்க்கதரிசனங்களும் கனவுகளும் நம் சபையில் வேண்டாம். அவர்களுக்குத் தேவை ஆறுதல்.

மேலும் சில காரியங்கள். கர்ப்பிணிச் சகோதரிகள் உபவாச ஜெபத்தில் உட்காரலாம், பட்டினி இருக்க வேண்டாம். காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் அந்த ஞாயிறு வீட்டில் இருந்து ஜெபியுங்கள். வந்தே ஆக வேண்டுமானால் கர்ப்பிணிகளிடமிருந்து தள்ளி உட்காருங்கள். பிள்ளை பிரதிஷ்டை அன்று குழந்தையை வாங்கி வாங்கி முத்தமிடுகிற பழக்கத்தை விட்டுவிடுவோம். தூரத்திலிருந்து ஆசீர்வதித்தாலும் ஆசீர்வாதம் போய்ச் சேரும்!

அந்த மாமியாரம்மா கடைசியில் ஒன்று சொன்னார்கள். "நான் ஊசிக்கு பயந்து வேணாம்னு சொல்லல பாஸ்டர். இதுக்கு முன்ன இவளுக்கு ஒண்ணு தங்காம போச்சு. அந்த பயம்தான்." அப்போதுதான் அந்த மருமகள் அழுதார்கள். இரண்டு பேரையும் ஒன்றாய் நிறுத்தி ஜெபித்தோம். அடுத்த பரிசோதனைக்கு மாமியாரம்மாவே கூடப் போவதாகச் சொன்னார்கள். மனதில் இருக்கிற சந்தேகத்தை எல்லாம் டாக்டரம்மாவிடம் அவர்களே கேட்கட்டும். பல வீடுகளில் விசுவாசம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில், உள்ளே பழைய துக்கம் ஒன்று பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. அதை முதலில் கர்த்தரிடத்தில் கொண்டுவாருங்கள். பிறகு ஊசியைப் பற்றிப் பேசலாம்.

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க:

1. நம் வீட்டில் எந்தெந்தக் "கைப்பிடிச்சுவர்" இன்னும் கட்டப்படாமல் இருக்கிறது?
2. மனோவாவைப் போல நம் வீட்டுப் புருஷர்கள் கர்ப்ப காலத்தில் பங்கெடுக்கிறார்களா?
3. ஆசாவின் குற்றம் என்ன? எசேக்கியா அதிலிருந்து எப்படி வேறுபட்டான்?
4. நம் தெருவில் கர்ப்பிணியாயிருக்கிற, விசுவாசியாயிராத ஒரு சகோதரிக்கு நாம் என்ன உதவி செய்யலாம்?

ஜெபக் குறிப்பு: நம் சபையில் இப்போது கர்ப்பவதிகளாயிருக்கிற சகோதரிகளுக்காகவும், பிள்ளைப்பேற்றுக்காகக் காத்திருக்கிறவர்களுக்காகவும், பிள்ளையை இழந்து துக்கத்தில் இருக்கிற தாய்மாருக்காகவும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் உழைக்கிற நர்ஸம்மாக்களுக்காகவும் தினமும் ஜெபியுங்கள்.

தாயின் கர்ப்பத்திலே நம்மை உருவாக்கினவர், உருவாகிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் சுகத்தோடு வெளிச்சத்துக்குக் கொண்டுவருவாராக. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சபை ஊழியன்,
பொதட்டூர்பேட்டை.